நிறுத்தச் சொன்ன கை

கதிரேசனுக்கு மெதுவாகப் பேச வராது. இதை அவருடைய குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சூலூரைத் தாண்டிச் செங்காட்டுப் பிரிவில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் எவருக்குமே வராது. பத்துத் தறி ஒன்றாக அடிக்கிற கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர், "கொழம்புல உப்புப் பத்தல அம்மணி" என்று மனைவி ராசம்மாளிடம் ரகசியமாகச் சொன்னால் அது நாலு வீடு தள்ளிக் கேட்கும். நாலு வீடு தள்ளி இருப்பவர்களும் தறிக்காரர்கள் என்பதால் அவர்களுக்குக் கேட்காது. ஊரில் அமைதி இப்படித்தான் காக்கப்பட்டு வந்தது.

தறிக்கூடத்துக்குள் வாய்க்கு வேலை இல்லை. கைதான் பேசும். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். மீசையை முறுக்கிக் காட்டினால் முதலாளி கண்ணையா வருகிறார். கண்ணையா மீசையை எடுத்துப் பல வருசம் ஆகியும் சைகை மாறவில்லை. நாடாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால், நூல் அறுந்துபோச்சு, தறியை நிறுத்து. நாடா என்பது ஊடை நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டை. முக்கால் முழம் இருக்கும். இரண்டு முனையிலும் இரும்புக் கூர். தெரியாதவர்கள் பார்த்தால் ஆயுதம் என்பார்கள். தெரியாதவர்கள் செங்காட்டுப் பிரிவுக்கு வந்து அபிப்பிராயம் சொல்லவேண்டிய அவசியம் அதுவரை ஏற்படவில்லை.

கதிரேசனின் ஒரே மகன் பிரவின்குமார் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அதே கூடத்தில் அப்பாவுக்கு எதிர்ச்சாரியில் நின்று தறி ஓட்டினான். அவன் தறிகளுக்கான சுவிட்சு, வயரிங் செய்த கண்ணையாவின் மைத்துனர் மட்டுமே அறிந்த காரணத்தால், கதிரேசனின் முதுகுப் பக்கச் சுவரில் இருந்தது. ஆகவே மகன் நாடாவைத் தூக்குவான். அப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் விட்டுச் சுவிட்சைத் தட்டுவார். தறி நிற்கும். அப்பனுக்கும் மகனுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி இதுதான். வயசுப் பையன்கள் உள்ள மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால், ரொம்பவும் மனம்விட்டுப் பேசிக்கொண்டவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

தறி நின்ற பிறகும் பிரவினின் தலைக்குள் தறி நிற்காமல் போனது ஒரு ஆடி மாதத்தில். லீவு நாளில்கூடக் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் சத்தம் குறைந்தது. கூடவே பசியும் சிரிப்பும் குறைந்தன. அதனால் அவ்வப்போது போடாமல் விட்டுவிடுவான்.

ஒருநாள் இரவு சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். மூலையில் கிடந்த பழைய நாடாவை எடுத்து, அப்பாவைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். கதிரேசன் எழுந்து டீவியை நிறுத்தினார். கை இறங்கவில்லை. அடுப்படிக்குப் போய் ராசம்மாள் ஓட்டிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினார். ஃபேனை நிறுத்தினார். கை இறங்கவில்லை. கடைசியில் மெயினையே இறக்கினார்.

"ஏனுங்க, சட்னி பாதியில நிக்குது," என்றாள் ராசம்மாள் இருட்டுக்குள்ளிருந்து.

"நிக்கட்டும்."

"வேர்த்து ஊத்துதுங்க."

"ஊத்தட்டும். பையன் நிறுத்தச் சொல்றானில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் தேவலைங்கப்பா," என்றான் பிரவின். மூவரும் இருட்டிலேயே சாப்பிட்டார்கள். குழம்பில் உப்புப் பத்தவில்லை. கதிரேசன் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரின் நாகரிகம் ஒரு படி மேலே ஏறியது. குண்டு போடாமல், லத்தியால் அடிக்காமல், கொஞ்சம் மின்சாரத்தை மட்டும் பாய்ச்சி ஆளைச் சாய்க்கிற துப்பாக்கி ஒன்று, சோதனை முறையில் ரோந்துப் போலீசுக்கு வழங்கப்பட்டது. மேடை போட்டு, குத்துவிளக்கேற்றி, பூங்கொத்துக் கொடுத்துத்தான் வழங்கினார்கள். இனிமேல் பொதுமக்களைச் சுட வேண்டிய தேவை இருக்காது என்று பேசினவர்கள் சொன்னார்கள். அதுவரை தினம் எத்தனை பேரைச் சுட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது. கொங்கு நாட்டில் மரியாதை முக்கியம்.

ரசாக்கின் டீக்கடையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது.

"ஷாக்கு வெச்சா ஆளு பொத்துனு உளுந்துருவானாம். ஆனாச் சாவ மாட்டானாம்," என்றார் கதிரேசன், டீக்கடைக்கும் அதற்கு அடுத்த சைக்கிள் கடைக்கும் சேர்த்து.

"மாட்டான்னு யாரு சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருக்குதுங்க பாய்."

"பேப்பர்லதான் பஜ்ஜி மடிச்சுக் குடுக்கறேன். எண்ணெயே நிக்க மாட்டேங்குது."

"உங்குளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். குண்டுக்கு இது தேவலையில்லைங்களா? தறியில நாம வாங்காத ஷாக்கா? செத்தா போயிட்டம்?"

செங்காட்டுப் பிரிவில் அந்தத் துப்பாக்கிக்குக் கிடைத்த முதல் ஆதரவாளர் கதிரேசன்தான்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் பிரவின் கூடத்திலிருந்து நாடாவோடு வெளியே போனான். அவன் மாத்திரையை நிறுத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்ததை ராசம்மாள் பிறகுதான் கண்டுபிடித்தாள். நேராக நடுரோட்டுக்குப் போய் நின்றான். திருப்பூர் பஸ் வந்தது. நாடாவைத் தூக்கினான். பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தது. நாடாவை இன்னும் உயரத் தூக்கினான். ஆரன் அடிக்க அடிக்கக் கை உயர்ந்தது. கை உயர உயர ஆரன் அடித்தார்கள்.

"ஏனுங் தம்பி, ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லீன்னாச் சித்த அக்கட்டால நில்லுங்க," என்று கண்டக்டர் ஊர் வழக்கப்படி பணிவாகத்தான் கேட்டார். பஸ்ஸுக்குள்ளிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவ்வளவு பொறுமையில்லாதவர். கையில் ஆயுதத்தோடு ஒருத்தன் பஸ்ஸை மறிக்கிறான் என்று போலீசுக்குப் போன் போட்டார். எதற்கும் பொழுது சாய்ந்து வருகிற ரோந்து வண்டி, அன்றைக்கு உடனே வந்தது.

யாரோ கூடத்தில் வந்து வயிற்றிலும் மீசையிலும் இல்லாத புதுச் சைகை ஒன்றைக் காட்ட, கதிரேசன் ஓடினார். ஓடியபடியே, "சாமி, சித்த இருங்க, அவனுக்குச் சத்தம் ஆவாது, நான் நிறுத்திப்போட்டு வாரேன்," என்று சொன்னார். கெஞ்சித்தான் சொன்னார். ஆனால் அவருடைய கெஞ்சல் ஒரு கூட்டத்தையே கலைக்கிற அளவில் இருந்தது. கலவரம் செய்ய ஒருவர் ஓடிவருகிறார் என்று கருதி, இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தோளோடு பிடித்து நிறுத்தினார்கள். அந்த இடத்தில் சமாதானம் பேச வந்த ஒரே ஆளை அடக்கியாயிற்று.

ஹெல்மெட் போட்டு, மணிக்கட்டில் சிவப்புக் கோயில் கயிறு கட்டிய இளம் போலீஸ்காரர் ஒருவர் புதுத் துப்பாக்கியை நீட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற அதிகாரி, "கீழ போடு" என்றார். மறுபடியும் சொன்னார். பிரவினுக்கு எந்தச் சத்தம் உள்ளே, எந்தச் சத்தம் வெளியே என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத நேரம். சுற்றும் முற்றும் பார்த்தான். தலைகளுக்கு மேலே அப்பாவின் முகம் தெரிந்தது. அவன் முகம் தெளிந்தது. அப்பாவைப் பார்த்து, நேராக, நாடாவைத் தூக்கிப் பிடித்தான்.

மின்சாரம் பாய்ந்தது. பலகை சாய்வதுபோல் சாய்ந்தான். அது நின்றதும் முட்டி போட்டு எழுந்து, மறுபடியும் கூட்டத்தில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினான். மறுபடி பாய்ந்தது. அதற்கப்புறம் தூக்கினபோது கை தோள்மட்டத்துக்குத்தான் வந்தது.

கதிரேசனின் வலது கை, இரண்டு பேர் பிடித்திருக்கும்போதே, முதுகுக்குப் பின்னால் சுவரைத் தேடியது. சுவர் இல்லை. ஒரு போலீஸ்காரரின் பெல்ட்தான் இருந்தது. பெல்ட்டைப் பிடுங்க முயன்றார் என்று அதையும் பிறகு எழுதிக்கொண்டார்கள்.

பிரவினின் சாவுக்கு விசாரணை முறைப்படி நடந்தது. துப்பாக்கியை ஆராய்ந்ததில் அது மிகச் சரியாக வேலை செய்திருப்பது தெரியவந்தது. பிரவினின் இதயம்தான் ஒத்துழைக்கவில்லையாம். அதற்கு ஏற்கெனவே ஒரு பலவீனம் இருந்திருக்கிறது. அதை அது முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. மேலும், இறந்தவர் காவலரைத் தாக்கும் நோக்கத்தோடு மும்முறை ஆயுதத்தை ஓங்கினார்.

மற்றதையெல்லாம் கதிரேசன் விட்டுவிட்டார். இதய சமாச்சாரம் பெரிய படிப்புப் படித்தவர்கள் விசயம். ஓங்கினான் என்பது மட்டும் தொண்டையில் நின்றது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "என்ற பையன் யாரையும் அடிக்க ஓங்கலைங்க. என்னைய நிறுத்தச் சொன்னானுங்க," என்றார். ஸ்டேஷனில் சொன்னார், சத்தம் போடாதே என்றார்கள். கலெக்டர் ஆபீசில் சொன்னார். சத்தம் போடாதீங்க என்றார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள மரியாதையைத் தவிர அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

ராசம்மாளுக்கு அழுகை நின்ற பிறகு ஒரே ஒரு நினைப்பு மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து தண்ணீர் பிடித்தாள், சோறாக்கினாள்.

"தெரியாமச் செஞ்சுபோட்டாங்க," என்பாள். "டவுன்ல பொறந்த புள்ளைங்களுக்கு நம்ம தறிக் கை என்னத்தத் தெரியும்? அது நிறுத்தற கைன்னு தெரிஞ்சிருந்தா உட்டுருப்பாங்க. மனுசங்கதான? நீங்க ஒருக்காப் போய் வெவரமாச் சொல்லிப்போட்டு வாங்க. ஒருத்தராச்சும் ஆமா, தப்பா நெனச்சுப்போட்டோம்னு சொன்னாப் போதுமுங்க எனக்கு."

வாய்ப்பு வந்தது. 'மின்னதிர்வுத் துப்பாக்கி: தேவையா, தேவையில்லையா?' என்று நகரத்துப் பெரியவர்கள் கூடிய ஒரு மன்றம் அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு வைத்தது. பாதிக்கப்பட்ட தரப்பு என்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கதிரேசனைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளை வேட்டி கட்டி, கூடத்திலிருந்து ஒரு நாடாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். காட்டினால்தானே புரியும். வாசலில் வைத்த சோதனைக் கதவு அதைப் பார்த்ததும் கூவியது. காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரர் பையைத் திறந்து நாடாவை எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூர் இருக்குதுங்க. உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க," என்றார் கடைசியில், நிமிர்ந்து பார்க்காமல். "போறப்ப வாங்கிக்கங்க. நானே வெச்சிருக்கறேன்."

மேடையில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், நிஜத் துப்பாக்கியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றார். எல்லோரும் யோசித்தார்கள். வக்கீல் ஒருவர், பிரவின்குமார் விவகாரம், பிரவின்குமார் விவகாரம் என்று பிரவின்குமாரை ஒரு பாலம் அல்லது சாக்கடைத் திட்டம்போல ஆக்கிக்கொண்டிருந்தார். பம்பு செட் முதலாளி ஒருவர் மட்டும் உருப்படியாகப் பேசினார்: இதை எதற்கு வெளிநாட்டில் வாங்க வேண்டும், நம் கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை போதும், நாமே செய்து ஏற்றுமதி பண்ணலாமே. நல்ல கைத்தட்டல்.

நிகழ்ச்சியை நடத்திய நவ்யா என்கிற பெண் நல்ல பெண். "ஐயா, மூணு நிமிஷம். மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க," என்று மைக்கைக் கையில் கொடுத்தாள்.

கதிரேசன் மனசில் இருந்ததை அப்படியே சொன்னார். முதல் வரிசைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்தார். சத்தம் குறைந்தது எப்படியோ தெரிந்து, கதிரேசன் கூட்டினார். "ஐயா, கொஞ்சம் மெதுவா," என்றாள் நவ்யா. மைக் செட்டுக்காரர் மைக்கையே நிறுத்தினார். அப்போதும் மண்டபம் முழுக்கக் கேட்டது. கேட்டதே தவிர, என்ன சொல்கிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கையில் ஒன்றும் இல்லை. நாடா இல்லாமல் தூக்கிய கை, பள்ளிக்கூடத்துப் பையன் தண்ணீர் குடிக்கப் போக உத்தரவு கேட்பதுபோல் இருந்தது.

"ஐயா சொல்ல வர்றது ரொம்ப முக்கியமான விஷயம்," என்று நவ்யா தொகுத்துச் சொன்னாள். "நமக்கு விழிப்புணர்வு வேணும்."

கடைசியில் தீர்மானம் போட்டார்கள். போலீசார் முன்னிலையில் கையை உயர்த்தாமல் இருப்பது எப்படி என்று விசைத்தறித் தொழிலாளர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்துவது. ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கேசரி சாப்பிடப் போனார்கள்.

கதிரேசன் வாசலுக்கு வந்தார். இளம் போலீஸ்காரர் நாடாவை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கட்டைவிரலை நூல் வருகிற துளையின்மேல் வைத்து, ஒரு கூர் தன் மணிக்கட்டை ஒட்டி இருக்கும்படி. வெளியாள் அப்படிப் பிடிக்க மாட்டான்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"வெள்ளகோவில் பக்கமுங்க. பேரு பூபதி."

"தறிக் குடும்பமா?"

"அம்மா ஓட்டுனாங்க. நானும் பள்ளிக்கூடம் லீவுன்னாப் போய் நிப்பேனுங்க."

கதிரேசனின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப உங்குளுக்குத் தெரியுமில்ல. இதைத் தூக்குனா என்னன்னு. இதத்தானுங்க நான் உள்ள..."

"நான்தானுங்க அன்னைக்கு," என்றார் பூபதி.

கதிரேசனுக்கு உடனே விளங்கவில்லை. அன்று பார்த்தது ஹெல்மெட்டைத்தான். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிறு, நிறம் போய், அப்படியே இருந்தது.

"மொதத் தடவை எனக்குத் தோணலைங்க. வெயில்ல இரும்பு மின்னுச்சு, அமுக்கிப்போட்டேன். அவரு எந்திரிச்சு ரெண்டாவது தூக்குனாரு பாருங்க. எங்கம்மா தூக்கற மாதிரியே இருந்துச்சுங்க. அப்பத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கண்ணு..."

"சார், இது வேறங்க சார்னு திரும்புனேன். அமுக்குடான்னாங்க. பழக்கமுங்க, அமுக்குன்னா அமுங்கிருது. அப்புறம் அதுவா ஓடுச்சுங்க." பூபதி நாடாவைப் பார்த்தே பேசினார். "பயிற்சி ரெண்டு நாளுங்க. மொத நாளு எப்படி அமுக்கறதுன்னு. ரெண்டாம் நாளுதான் எப்படிப் பாதியில நிறுத்தறதுன்னு. ரெண்டாம் நாளு பெரியவங்க யாரோ வாராங்கன்னு எங்களைப் பந்தோபஸ்துக்குப் போட்டுட்டாங்க. நிறுத்தற பொத்தான் எங்கன்னு தடவிப் பாத்தனுங்க. கெடைக்கல." நாடாவைக் கதிரேசன் பக்கம் நீட்டினார். "நீங்களும் பின்னால தடவுனீங்க. பாத்தனுங்க."

உள்ளே யாரோ கேசரியைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு உள்ள வந்து சொல்லிப்போடலாம்னு கதவு வரைக்கும் வந்தேனுங்க," என்றார் பூபதி.

தெரியாதவர்களிடம் சொல்லத்தான் கதிரேசன் அத்தனை வார்த்தைகளையும் சேர்த்து வைத்திருந்தார். தெரிந்தவனிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. நாடாவை வாங்கிக்கொண்டார். பைக்குள் வைத்தார். வழக்கம் அவரைக் கைவிடவில்லை. எதிரே நிற்கிற ஆளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சாப்புட்டீங்களா தம்பி?"

"இன்னும் இல்லைங்க."

"போய்ச் சாப்புடுங்க."

பூபதிக்கு அது காதில் விழவில்லை. என்னங்க என்று குனிந்து கேட்டார். கதிரேசனுக்கு அன்றுதான் மெதுவாகப் பேச வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ராசம்மாள் அடுப்படியில் இருந்தாள். பையை வாங்கி வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னங்க சொன்னாங்க?"

சொம்பைக் கீழே வைத்தார். "நீ சொன்ன மாதிரிதான் அம்மணி. தெரியல. அது நிறுத்தற கைன்னு அங்க ஒருத்தருக்குமே தெரிஞ்சிருக்கல. தப்பா நெனச்சுப்போட்டோம்னாங்க."

ராசம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் மூச்சு விட்டாள்.

"நான்தான் சொன்னனில்லீங்க. தெரிஞ்சிருந்தா உட்டுருப்பாங்க."

"ஆமா."

"ஏனுங்க, ஒரு மாதிரியா இருக்கறீங்க? நல்ல சேதிதான கொண்டாந்திருக்கறீங்க."

"பஸ்ஸுல நின்னுட்டே வந்தனா. காலு வலி."

"உக்காருங்க. தோசை ஊத்தறேன்."

எழுந்து போனாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் நடையில் கொஞ்சம் தெம்பு இருந்தது. தேங்காயை ஜாரில் போட்டு மிக்சியைத் தட்டினாள். அது அலறியது. கதிரேசன் பைக்குள் கையை விட்டு நாடாவை எடுத்து, அடுப்படியைப் பார்த்துத் தூக்கினார். கை தோள்மட்டத்துக்குத்தான் வந்தது. ராசம்மாள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். சட்னி அரைபட்டு முடிகிற வரை மிக்சி ஓடியது.